மூன்று விழா, ஒரே மடிப்பு

பெரிய காஞ்சிபுரம்,
24 ஆகஸ்ட் 2025

என் அருமை அக்காவுக்கு,

இங்கே நான், அம்மா, அப்பா, அப்பாவின் தறி நால்வரும் சுகம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. எழுதச் சொல்கிறேன், போனில் சொல்லாதே.

முதுநிலைத் தேர்வு முடிவு வந்ததை அம்மா உனக்கு ஒரு மணி நேரம் சொல்லிவிட்டாள், அதனால் ரேங்கை மறுபடி எழுதவில்லை. கவுரவமான ரேங்க். உன்னைப் போல எனக்கும் பொது மருத்துவம் கிடைக்கும். எந்தக் கல்லூரி என்பதுதான் கேள்வி. அதைப் போனில் கேட்டால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் உட்கார்ந்துவிடுகிறாள். "இன்னா சாப்ட்ட, கொழம்பா ரசமா" என்பதைத் தாண்டி நாம் பேசியதே இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் நீயே வேண்டாம் என்கிறாய். உன் சீனியர் வெங்கடேசன் குழுவில் "மூன்று நாளாகக் குளிக்கவில்லை" என்று ஒரு வரி போட்டாராம். அதன் ஸ்கிரீன்ஷாட் பத்து நிமிடத்தில் துறைத்தலைவர் காவேரி மேடம் கைக்குப் போய், வெங்கடேசன் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாராம். அதிலிருந்து நீ அனுப்புவதெல்லாம் கட்டைவிரல் படம்தான். ஆகவே கடிதம்.

உங்கள் துறையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை நடத்துவது நீ என்பது வெளியே யாருக்கும் தெரியாது. இன்று காலை நிலவரப்படி நாற்பத்தோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். என்னோடு படித்த அஜித் ஓர் எக்செல் ஷீட் போட்டிருக்கிறான். எந்தக் கல்லூரிக்கு எத்தனை ஃபாலோயர், ரீல்ஸில் சிரிக்கிறவர்கள் எத்தனை பேர், கமெண்டில் திட்டு எத்தனை என்று கணக்கு. எங்கள் பேட்ச் முழுக்க அதை வைத்துத்தான் கல்லூரிகளை வரிசைப்படுத்துகிறது. அதில் உங்கள் கல்லூரி மூன்றாவது. என் வரிசையில் முதலாவது. பேட்மிண்டன் கோர்ட், பொங்கல் பானை, மகளிர் தினக் கேக், எல்லாவற்றிலும் அப்பா நெய்த மாம்பழ மஞ்சள் பட்டில் நீ. வேறென்ன வேண்டும்?

இருந்தாலும் மூன்று கேள்வி. வாரத்துக்கு எத்தனை டூட்டி? எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்? நான் அங்கே வரட்டுமா?

பதிலை எதிர்பார்த்துத் தபால்காரர் முகத்தில் விழிக்கும்,
ஜெயா

•

பி.ஜி. விடுதி, அறை 14,
10 செப்டம்பர் 2025

அன்பு ஜெயாவுக்கு,

அக்கா ஆசியுடன் எழுதுவது. நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பது தெரிந்து மகிழ்ச்சி. அப்பாவை இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்.

உன் கடிதத்தை வாட்ச்மேன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தார். கோர்ட்டிலிருந்து வந்த சம்மன் என்று நினைத்துவிட்டார் போலும். உன் ரேங்கை அறையில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. விடுதி மெஸ்ஸில் புதுச் சமையல்காரர் வந்திருக்கிறார். சாம்பாரில் வெல்லம் போடுகிறார். முதல் நாள் எல்லோரும் சண்டைக்குப் போனோம், இரண்டாம் நாள் பழகிவிட்டது, இப்போது வெல்லம் இல்லாவிட்டால் கேட்கிறோம். காவேரி மேடம் மறுபடி இதய ஒலி வகுப்பு எடுக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்வார். அதைக் கற்றுக்கொண்டதற்காகவே இங்கே வந்தது வீண் போகவில்லை என்று தோன்றும்.

கல்லூரி பற்றி நேரில் பேசுவோம். மற்றக் கல்லூரிகளையும் பார்த்து வை. ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்காதே.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.
துர்கா

•

பெரிய காஞ்சிபுரம்,
19 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். சாம்பாரும் நலம் என்று அறிந்தேன். மூன்று கேள்வி கேட்டேன், நீ வெல்லத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறாய்.

சேரும்வரை சும்மா இருப்பானேன் என்று செவிலிமேட்டில் ஒரு சின்ன மருத்துவமனையில் பகல் டூட்டி பார்க்கிறேன். திருப்புட்குழியிலிருந்து அப்பாதுரை என்று ஒரு விவசாயி சர்க்கரைக்கு வருகிறார். எங்கள் பக்கத்திலேயே வேறு ஆஸ்பத்திரி இருக்க இங்கே ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன். "உங்களுக்கு நாலரை ஸ்டார் போட்டுக்கீறாங்கமா, அவங்களுக்கு மூணேதான்" என்றார். சிரித்தேன். பிறகு யோசித்தால் அஜித்தின் ஷீட்டும் அதுதானே.

மற்றக் கல்லூரிகளைப் பார் என்றாய், பார்த்தேன். வடக்கே ஒரு கல்லூரி இருக்கிறது, இங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். அதற்கு இன்ஸ்டாகிராம் பக்கமே கிடையாது. யூட்யூபில் ஒருவர் "அந்தப் பக்கம் போயிடாதீங்க மக்களே" என்று பன்னிரண்டு நிமிடம் பேசுகிறார். அவர் அங்கே படித்தவர் இல்லை, போனவரும் இல்லை. ஆனால் ஷீட்டில் அது கடைசி. அங்கே நான் போகமாட்டேன்.

டூட்டி எத்தனை? தூக்கம் எத்தனை? வரட்டுமா?

வேறு எதையும் எழுத இடம் விடாமல் முடிக்கும்,
ஜெயா

•

பி.ஜி. விடுதி,
14 அக்டோபர் 2025

அன்பு ஜெயா,

நலம். தீபாவளிக்கு வர முடியாது, லீவு ஜூனியர்களுக்குப் போய்விட்டது. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். அதிரசம் அனுப்ப வேண்டாம், வழியில் உடைந்து மாவாகிவிடுகிறது.

நீ கேட்கிற எண்ணிக்கையெல்லாம் மாதத்துக்கு மாதம் மாறும், எழுதினால் தப்பாகிவிடும். பக்கத்தில் புதிதாக ஒரு வீடியோ போட்டிருக்கிறேன். அம்மாவுக்குக் காட்டு, என்னைப் பார்த்த மாதிரி இருக்கும்.

அவசரத்தில்,
துர்கா

•

பெரிய காஞ்சிபுரம்,
2 நவம்பர் 2025

அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று இந்த முறை நான் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். நீ சொன்னபடி அம்மாவுக்கு உன் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். "எம் பொடவ எப்டி வுழுந்துக்கீது, குடு பாக்கலாம்" என்று அப்பா போனை வாங்கினார். உனக்கு எம்.டி. இடம் கிடைத்தபோது நெய்து கொடுத்தது ஆயிற்றே, பெருமை இருக்காதா. பொங்கல் படம் பார்த்தார், மகளிர் தினம் பார்த்தார், சித்திரை முதல் நாள் பார்த்தார். மறுபடி பொங்கலுக்கே போனார். அவருக்குப் பெரிதாக்கத் தெரியாது, என்னைப் பெரிதாக்கச் சொன்னார்.

"இன்னாமா இது, பொங்கலு, மகளிர் தினம், சித்திரை மூணும் உங்கக்கா ஆஸ்பத்திரில ஒரே நாள்ல வந்துச்சா?"

பிள்ளையிடம் அங்கே இருப்பதே அந்த ஒரு பட்டுதான், எல்லா விசேஷத்துக்கும் அதைத்தானே கட்டுவாள் என்று அம்மா வக்காலத்துக்கு வந்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். அப்பா விடவில்லை.

"பொடவ ஒண்ணுதான், தெரியுது. மடிப்பப் பாரு. புதுப் பட்ட மொத தபா பிரிச்சுக் கட்டினா மடிப்பு கோடு போட்டா மாதிரி நிக்கும். ஒரு தபா கட்டி அவுத்தா அது போய்டும். இங்க மூணுலயும் நிக்குது. சரி, அத வுடு. தோள்ல ஊக்கு எங்க குத்திக்கீது? முந்தானைல நாலாவது மயிலு கழுத்துல. மூணு படத்துலயும் அதே மயிலு. மூணு நாளு கட்டினா மூணு நாளும் அதே கழுத்துலயா குத்துவா?"

போனைக் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

உன் மானத்தைக் காப்பாற்றலாம் என்று நானே மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மயில் அதே மயில்தான். ஆனால் நான் வேறொன்றைப் பார்த்தேன். இரண்டு படத்தில் உன் இடது கை முந்தானைக்குள் இருக்கிறது. கேக் வெட்டும் படத்தில் மட்டும் வெளியே வந்துவிட்டது. மணிக்கட்டில் வெள்ளைப் பிளாஸ்டர், அடியில் பஞ்சு. சலைன் ஊசி எடுத்த இடத்தில் அப்படித்தான் ஒட்டுவோம். செவிலிமேட்டில் தினமும் பத்துப் பேருக்கு ஒட்டுகிறேன், எனக்குத் தெரியாதா?

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. பொங்கலுக்கு டூட்டி, வர முடியாது என்றாய். அன்று நீ யாருக்கு டூட்டி பார்த்தாய்? உன்னை யார் பார்த்துக்கொண்டார்கள்?

பதில் வரும்வரை சண்டை நிலுவையில் வைத்திருக்கும்,
ஜெயா

•

பெரிய காஞ்சிபுரம்,
15 நவம்பர் 2025

அக்கா,

பதிமூன்று நாள் ஆகிறது. போனில் அம்மாவிடம் "நல்லாக்கீறேன்மா" என்கிறாய். அப்பா பக்கத்திலிருந்து கேட்டுவிட்டுத் தறிக்குப் போய்விடுகிறார்.

இரண்டு முறை தள்ளிப்போன கலந்தாய்வுக்குத் தேதி வந்துவிட்டது. கல்லூரிகளின் வரிசையை டிசம்பர் நான்காம் தேதி மாலை ஐந்து மணிக்குள் பூட்ட வேண்டும். பூட்டியபின் மாற்ற முடியாது. மூன்று வருடம், அக்கா. உன் வார்த்தை இல்லாமல் என்னால் முதல் இடத்தில் எதையும் எழுத முடியவில்லை.

ஜெயா

•

அறை 14,
18 நவம்பர் 2025

ஜெயா,

"நான் நலம்" என்று ஆரம்பித்து நாலு தாளைக் கிழித்துவிட்டேன். இப்போது நலம். அப்போது இல்லை.

அது போகி மதியம். எனக்கு டெங்கு. எங்கள் வார்டிலேயே பதினெட்டாம் கட்டிலில் நாலு நாளாகப் படுத்திருந்தேன். வீட்டுக்குச் சொன்னால் அம்மா அன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள் என்று சொல்லவில்லை.

நான் சேர்ந்த வருடம் பத்து இடத்துக்கு நாலு பேர்தான் வந்தோம். யாரோ டெலிகிராமில் எங்கள் துறையைப் பற்றிப் பத்து வரி எழுதியிருந்தார்கள். பிழிந்துவிடுவார்கள், ஓடிவிடுங்கள் என்று. அதைப் படித்து மற்றவர்கள் பின்வாங்கினார்கள். பத்துப் பேர் வேலை நாலு பேர் தலையில் விழுந்தது, அதனால் எழுதியது முன்னைவிட உண்மையாகிவிட்டது. அடுத்த வருடமும் முதல் சுற்றில் மூன்று பேர்தான். மேடம் என்னைக் கூப்பிட்டு, ஒரு பக்கம் ஆரம்பி, பிள்ளைகள் சிரிக்கிற மாதிரி நாலு படம் போடு என்றார்.

எல்லோரும் ஒன்றாகக் கிடைத்தது அந்தப் போகி மதியம் இரண்டு மணி நேரம்தான். சலைனைக் கழற்றிவிட்டு எழுந்து வந்து, அதுவரை பிரிக்க நேரமே கிடைக்காத அந்தப் புடவையைக் கட்டினேன். மற்றவர்கள் ஒவ்வொரு விழாவுக்கும் உடை மாற்றினார்கள். எனக்கு அவிழ்த்துக் கட்டத் தெம்பில்லை, அதுதான் அப்பாவின் மயில் அதே இடத்தில் நிற்கிறது. ஒரே கேக்கை மூன்று பக்கமிருந்து வெட்டினோம். பேட்மிண்டன் கோர்ட் பக்கத்து பாலிடெக்னிக்கினுடையது. அவர்கள் வாட்ச்மேன் விரட்டுவதற்குள் எடுத்தது.

வேடிக்கை என்ன தெரியுமா? பலித்துவிட்டது. கடைசிச் சுற்றில் பத்து இடமும் நிரம்பியது. முப்பது மணி நேர டூட்டி வாரத்துக்கு மூன்றிலிருந்து இரண்டானது. இன்று நான் ஆறு மணி நேரம் தூங்குகிறேன். ஆனால் சரத்குமார் என்று ஒரு ஜூனியர் இருக்கிறான். சேர்ந்த அன்று பேட்மிண்டன் மட்டையோடு வந்தான். "கோர்ட் எங்கக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு வார்டுக்குப் போனான். அந்த மட்டை இன்னும் அவன் அறையில் உறை பிரிக்காமல் இருக்கிறது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

உன்னை வா என்று சொன்னால், நீயும் ஒரு மட்டையோடு வருகிற மாதிரி இருக்கிறது. வராதே என்று சொன்னால், ஆளுக்கொரு தங்கையை இப்படித் தடுத்தால், மறுபடி நாலு பேராகிவிடுவார்கள். இரண்டும் வாயில் வரவில்லை. அதனால்தான் சாம்பாரைப் பற்றி எழுதினேன்.

அம்மாவிடம் சொல்லிவிடாதே.
துர்கா

•

பெரிய காஞ்சிபுரம்,
23 நவம்பர் 2025

என் அக்காவுக்கு,

முதலில் திட்டு. டெங்குவோடு புடவை கட்டிக்கொண்டு கேக் வெட்டினவளை என்னவென்று சொல்வது! ஒரு நோயாளி அப்படி எழுந்து போனால் நீ விடுவாயா? எனக்கு வந்த கோபத்தில் உன் கடிதத்தைக் கசக்கிவிட்டேன், பிறகு நீவி எடுத்து வைத்தேன். அழுகையும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், அவரிடம் மறைத்துப் பயனில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "அன்னிக்கி அந்தப் பொடவ அவளுக்கு எவ்ளோ கனமா இருந்துருக்கும்" என்றார். அன்று அதற்குமேல் அவர் தறியில் உட்காரவில்லை. எனக்காக நெய்த கத்தரிப்பூ நிறப் புடவையை அவர் போன வாரமே தறியிலிருந்து அறுத்தெடுத்து அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டார். இடம் கிடைக்கும் நாளில்தான் பிரிக்க வேண்டும் என்பது உத்தரவு.

இப்போது நான் கேட்பது. வா என்றும் சொல்லாதே, வராதே என்றும் சொல்லாதே. எனக்கு எழுதியதை உன் பக்கத்தில் போடு. டெங்கு வேண்டாம், அது உன் சொந்த விஷயம். டூட்டி, தூக்கம், நோயாளிகள், கோர்ட், மூன்று விழாவின் கதை, அவ்வளவையும் போடு. எனக்காவது மடிப்புப் பார்க்கத் தெரிந்த அப்பா இருக்கிறார். அந்த நாற்பத்தோராயிரம் பேருக்கு யார் இருக்கிறார்கள்? அவர்களும் டிசம்பர் நான்காம் தேதிதான் பூட்டப்போகிறார்கள்.

இது மிரட்டல் இல்லை. நீ போட்டாலும் போடாவிட்டாலும் என் வரிசையை நானே முடிவு செய்துகொள்வேன். ஆனால் சரத்குமார் முகத்தை நீ இன்னும் ஒரு வருடம் பார்க்க வேண்டும்.

உன் நலத்தை இனிமேல் சும்மா கேட்காத,
ஜெயா

•

அறை 14,
1 டிசம்பர் 2025

அன்பு ஜெயா,

காய்ச்சல் இல்லை, கை சரியாக இருக்கிறது, நேற்று ஏழு மணி நேரம் தூங்கினேன். இனிமேல் நலம் என்ற வார்த்தைக்குப் பதில் இப்படித்தான் எழுதப்போகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் போட்டேன். மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றும் ஒரே மதியம் எடுத்தவை என்று எழுதினேன். டூட்டிப் பட்டியலைச் சுவரிலிருந்து அப்படியே படமெடுத்தேன். வாரத்துக்கு இரண்டு முப்பது மணி நேர டூட்டி, ஆள் குறைந்தால் மூன்று. புறநோயாளிகள் தினமும் இருநூறு பேர். கோர்ட் கிடையாது. இரண்டு மணிக்குமேல் போனால் மெஸ்ஸில் சாப்பாடு ஆறியிருக்கும். மேடம் நன்றாகத் திட்டுவார், அதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். இதுதான் பதிவு. முதலில் சரத்குமாரிடம் காட்டிவிட்டுத்தான் போட்டேன். "அந்தக் கோர்ட்டு வரிய மட்டும் பெரிய எழுத்துல போடுங்கக்கா" என்றான்.

மாலைக்குள் இரண்டாயிரம் பேர் பக்கத்தைவிட்டுப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மேடம் கூப்பிட்டார். இதில் பொய் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப என்னைக் கேக்காம ஏன் போட்ட?" என்றார். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள் என்றேன். அந்த வார்த்தை எப்படி வந்தது என்று இன்னும் தெரியவில்லை. பதிவை நீக்கச் சொன்னார். பக்கத்தை என்னிடமிருந்து வாங்கி சரத்குமாரிடம் கொடுத்துவிட்டார். மொத்தம் இருபது மணி நேரம் இருந்தது. உன் கண்ணில் பட்டதோ இல்லையோ. எனக்கு மனசு லேசாக இருக்கிறது.

உன் வரிசை உன் கையில்.
துர்கா

•

பெரிய காஞ்சிபுரம்,
20 டிசம்பர் 2025

அன்பு அக்கா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மட்டும் சளி.

நான் திறப்பதற்குள் உன் பதிவை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதன் ஸ்கிரீன்ஷாட் எனக்கு ஏழு குழுவிலிருந்து வந்தது. நீங்களெல்லாம் பயந்து செத்த அதே ஸ்கிரீன்ஷாட்! செவிலிமேட்டு நர்ஸ் சுகாசினியின் தம்பிகூட அனுப்பினான், அவன் படிப்பது இன்ஜினியரிங்.

வரிசையைப் பூட்டுவதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். அந்தப் பக்கமே இல்லாத வடக்குக் கல்லூரிக்குப் பஸ் ஏறிப் போய், நோயாளிகளோடு பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தேவிப்ரியா என்று ஒரு முதல் வருட மாணவியிடம் எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று நேராகக் கேட்டேன். ஐந்து என்றாள். ஒரு பாட்டிக்கு மாத்திரையை எப்படிப் போட வேண்டும் என்று மூன்றாம் முறையாகச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். யூட்யூப்காரர் பன்னிரண்டு நிமிடத்தில் சொல்லாதது அங்கே தெரிந்தது. உன் கல்லூரியை முதலிலும் அதை இரண்டாவதாகவும் போட்டுப் பூட்டினேன்.

நேற்று முடிவு வந்தது. உங்கள் துறையின் கடைசி இடத்தை என்னைவிட ஏழு ரேங்க் மேலே இருந்த ஒருவன் எடுத்துக்கொண்டான். அவன் பெயர் அஜித். ஆமாம், ஷீட் போட்ட அதே அஜித்! கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டான். "இவ்ளோ நெசத்த சொல்ற எடத்துல மூணு வருசம் இருந்துடலாம்னு தோணிச்சு, அதான் மொதல்ல போட்டுட்டேன்" என்றான். நீ பொய்யாகவே விட்டிருந்தால் அந்த இடம் எனக்கு வந்திருக்கும். எனக்கு வந்தது வடக்குக் கல்லூரி.

எனக்கு ஒன்றும் பெரிய வருத்தமில்லை. கத்தரிப்பூப் புடவைப் பெட்டி பிரிக்காமல் அப்படியே இருக்கிறது, அங்கே எடுத்துக்கொண்டு போவேன். உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, அதை மட்டும் சந்தேகப்படாதே.

ஜெயா

•

அறை 14,
10 ஜனவரி 2026

அன்பு ஜெயா,

எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. தூக்கம் ஆறரை மணி நேரம்.

அஜித் வந்து சேர்ந்துவிட்டான். பத்து இடமும் முதல் சுற்றிலேயே நிரம்பிவிட்டது. மேடம் நீக்கச் சொன்ன பதிவு போன திங்கட்கிழமை பக்கத்தில் திரும்ப வந்திருக்கிறது. சரத்குமார் மொட்டைமாடியில் குறுக்கே ஒரு கயிறு கட்டி, மட்டையின் உறையைப் பிரித்துவிட்டான். அவனும் அஜித்தும் ஆடுகிறார்கள். இருவருக்கும் ஆடத் தெரியவில்லை.

உன் இடம் போனது என்னால்தான். பெரிய வருத்தமில்லை என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறேன். நீ அதற்குள் கல்லூரியில் சேர்ந்திருப்பாய், பார்க்க முடியாது. அந்த மஞ்சள் புடவையைத்தான் கட்டப்போகிறேன். இந்த முறை தெம்பாக.

துர்கா

•

பி.ஜி. விடுதி, அறை 6,
15 பிப்ரவரி 2026

என் அருமை அக்காவுக்கு,

தூக்கம் ஐந்து மணி நேரம். டூட்டி வாரத்துக்கு மூன்று. காலில் செருப்புக் கடி, மற்றபடி உடம்பில் குறையில்லை. வேலை பிடித்திருக்கிறது. நேற்று கண்ணை மூடிக்கொண்டு ஓர் இதய ஒலியை நானே கண்டுபிடித்தேன். உங்கள் மேடத்தின் பாடம் உன் வழியாக எனக்கும் வந்துவிட்டது.

எங்கள் துறைத்தலைவர் ராமராஜன் சார் என்னைக் கூப்பிட்டு, நமக்கும் ஒரு பக்கம் ஆரம்பிக்க முடியுமா, யூட்யூபில் ஒருவர் நம்மைத் திட்டியே பிழைக்கிறாராம் என்றார். ஆரம்பிக்கிறேன், ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் அடியில் எடுத்த தேதியும் நேரமும் போடுவேன் என்றேன். சார் சரி என்று தலையாட்டினார். முதல் படம் வியாழக்கிழமை போட்டேன். சுவரில் டூட்டிப் பட்டியல், பக்கத்தில் கத்தரிப்பூப் பட்டில் நான், அடியில் தேதி. எல்லாம் முறைப்படி. அம்மா அப்பாவிடம் காட்டினாளாம். அன்று மாலையே அப்பா தனியாகப் போன் செய்தார்.

"படம் நல்லாக்கீது. தேதியும் போட்டுக்கீற. ஆனா மடிப்பு நிக்கலியே. இது ரெண்டாவது தபா கட்டினது. மொத தபா எப்பமா கட்டின?"

வார்டில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உன்னிடம் எழுதுகிறேன், நீ அவரிடம் சொல்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி காலை ஒன்பது மணி. முடிவு பதினொரு மணிக்கு. உன் கல்லூரி கிடைத்துவிடும் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைப் பிரித்துக் கட்டிக்கொண்டு, முடிவு வந்ததும் அப்பா முன்னால் போய் நிற்கலாம் என்று இரண்டு மணி நேரம் கட்டில் ஓரத்தில் கசங்காமல் உட்கார்ந்திருந்தேன். முடிவு வந்தது. அவிழ்த்து, பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே வந்து, எனக்கு ஒன்றும் பெரிய வருத்தமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உனக்கும் அதையே எழுதினேன்.

அன்று நிறைய அழுதேன், அக்கா. இப்போது நலம்.

ஜெயா